புள்ளி இழந்த சுரம்

கருநாடக இசையை ஏட்டில் எழுதுவோர், மேல்ஸ்தாயிச் சுரத்தின் தலைமேல் ஒரு புள்ளியும் கீழ்ஸ்தாயிச் சுரத்தின் அடியில் ஒரு புள்ளியும் இடுவது நெடுநாள் வழக்கம். மெலிவு, சமன், வலிவு என்று நம் முன்னோர் வகுத்த மூன்று தானங்களையும் கண்ணுக்குக் காட்ட இவ்விரு புள்ளிகளே போதுமாக இருந்தன. கையால் எழுதிய காலத்தில் இதில் இடர் எழவில்லை. ஈய எழுத்துக் கோத்தவர்களும் எப்படியோ ஒப்பேற்றினார்கள். கணினியில்தான் சிக்கல் முளைத்தது. தமிழில் எழுத்தின் தலைமேல் வரும் புள்ளிக்கு வேறொரு தொழில் உண்டு. அது மெய்யெழுத்தின் அடையாளம் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் இலக்கணம். ஆகவே மேல்ஸ்தாயி ‘ஸ’வை எழுத முயன்றவர் ‘ஸ்’ என்று தட்டச்சிட்டு அமைதி அடைகிறார். தாளில் பார்க்கும் கண்ணுக்கு அது மேல்ஸ்தாயிச் சட்சம். கணினிக்கோ உயிரற்ற ஒரு மெய். ‘ரி’யின் மேல் அதே புள்ளியை இட்டால் நிலைமை இன்னும் மோசம். அப்படியோர் எழுத்து தமிழில் இல்லை என்று கண்ட கணினி, வெற்று வட்டம் ஒன்றை வரைந்து அதன்மேல் புள்ளியைக் குந்தவைத்துக் காட்டுகிறது.

சுரத்தின்மேல் இழுக்கும் கோடும் இவ்வாறே. ஒரு கோடு இருந்தால் இரட்டை வேகம், இரு கோடு இருந்தால் நான்மடங்கு வேகம் என்பது சுரக்குறிப்பு படித்த பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. ஓர் ஆவணத்திலிருந்து நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டும்போது இக்கோடுகள் சத்தமின்றி உதிர்ந்துவிடுகின்றன. எட்டு எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டிய ஆவர்த்தனம் பத்தாகவும் பன்னிரண்டாகவும் வீங்குகிறது. பாட்டு கெட்டதை அறியும் ஆசிரியர் அருகில் இருந்தால் திருத்துவார். கடல் கடந்து வாழும் பிள்ளைக்கு, வார நாளில் வீட்டில் தனியே அமர்ந்து பயிலும் பிள்ளைக்கு, அந்தத் தாளே ஆசிரியர். கெட்ட தாள் கெட்ட பாடத்தையே கற்பிக்கும்.

சிறிய செய்தி என்று இதைத் தள்ளிவிடுவோர், ஆஸ்திரேலியாவின் இரு பெருநகரங்களில் பழைய இசைக்குறி பட்ட பாட்டையும் பெற்ற பேற்றையும் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம். இன்று அந்நகரங்களில் வாழும் தமிழர் தொகையை நோக்கினால் அவ்வரலாறு நமக்கும் உரியது என்பது விளங்கும். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,404 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சிட்னியையும் மெல்பர்னையும் தலைநகராகக் கொண்ட இரு மாநிலங்களில் வாழ்பவர்கள்.

மெல்பர்ன் நகரில் உள்ள விக்டோரியா மாநில நூலகத்தில் ஒரு தோலேடு இருக்கிறது. பாரிசுக்கு அருகே புவாசி என்னும் ஊரில் இருந்த தொமினிக்கன் கன்னியர் மடத்துக்காக 1335க்கும் 1345க்கும் இடையில் எழுதப்பட்ட வழிபாட்டுப் பாடல் ஏடு அது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்திலும் அதற்கு உடன்பிறந்தாள் போல ஓர் ஏடு உண்டு. இத்தாலியின் ரிமினி நகரத்தைச் சேர்ந்த அதன் காலம் 1328. கேப்டன் குக் அக்கரையில் கால் வைப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய இசை, அக்கரையின் நூலக அடுக்குகளில் இன்று உறங்குகிறது. உடைமைப் பெருமைக்காக மட்டும் அவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள் என்று நாம் கருதிவிடக் கூடாது. அவற்றைப் படித்தார்கள், படிப்பதற்கு வேண்டிய கருவியையும் ஆக்கினார்கள்.

அந்த ஏடுகளில் இருக்கும் குறிகள் இக்காலத்து ஐரோப்பிய இசைத்தாளில் காணும் முட்டை வடிவக் குறிகளல்ல. நான்கு கோடுகளின்மேல் சதுரச் சதுரமாக மை ஒற்றியது போன்ற உருவங்கள். இரண்டும் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்து ஓர் அசைக்கு ஒரு கொத்தாக நிற்கும். தாளத்தைப் பிரிக்கும் குத்துக்கோடு இல்லை. பலகுரல் இசைக்கென்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொலோன் நகரத்து பிராங்கோ போன்றோர் வகுத்த அளவைக்குறி முறை இதனினும் நுட்பமானது. அம்முறையில் ஒரு குறியின் நீளம் அக்குறியைப் பார்த்தால் மட்டும் தெரியாது. பக்கத்தில் நிற்பதைப் பார்த்தே அறிய முடியும். அடுத்து அதே வகைக் குறி வந்தால் மூன்று அளவு. அடுத்துச் சிறுகுறி ஒன்று வந்தால் அதே உருவம் இரண்டு அளவாகக் குறுகும். தமிழ் இலக்கணம் பயின்றவருக்கு இது வியப்பாகாது. ‘நடு’ என்பதில் உள்ள உகரத்துக்கு ஒரு மாத்திரை, ‘நாடு’ என்பதில் உள்ள உகரத்துக்கு அரை மாத்திரை. எழுத்து ஒன்றே; அயலெழுத்து அதன் அளவை மாற்றுகிறது. குற்றியலுகரம் அறிந்த நமக்குச் சட்டென்று புரிவது, இசைத்தாள் அச்சிடும் பெரும் மென்பொருள்களுக்குப் பல்லாண்டுகள் புரியவே இல்லை.

ஏனெனில் அவை வேறு உலகத்துக்காகப் பிறந்தவை. ஐந்து கோடு, ஒவ்வொரு குறிக்கும் மாறாத அளவு, குத்துக்கோட்டுக்குள் கணக்குத் தீர வேண்டிய தாளம் என்னும் மூன்று எண்ணங்களும் அவற்றின் எலும்பில் பதிந்தவை. 1988இல் வெளிவந்த பினாலேயும் 1993இல் வெளிவந்த சிபேலியசும் மொசார்ட்டையும் திரைப்பட இசையையும் அழகாக அடுக்கும். பதினான்காம் நூற்றாண்டுப் பாடலை அவற்றில் ஏற்ற விரும்பியவர் குத்துக்கோட்டை மறைத்தார். ஐந்தாம் கோட்டை அழித்தார். முட்டைக் குறியைக் கழற்றிவிட்டுச் சதுரக் குறியை மாட்டினார். தாளில் படம் பொருத்தமாக விழுந்தது. ஆனால் உள்ளே கணினி எண்ணிக்கொண்டிருந்தது வேறு கணக்கு. இசைக்கச் சொன்னால் பிழையாக இசைத்தது. தேடச் சொன்னால் பிழையான இடத்தைக் காட்டியது. மேல்ஸ்தாயி ‘ஸ’வை மெய்யெழுத்தாக எழுதி ஒப்பேற்றும் நம்மவர் செய்வதும் இதே வேடம்தான்.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியைக் குறிப்பிடாமல் செல்ல நம் எழுதுகோல் இசையவில்லை. லூயிஸ் ஹான்சன்-டயர் 1884இல் மெல்பர்னில் பிறந்தவர். தந்தை எல். எல். ஸ்மித், தம் விளம்பரங்களால் பெயர்பெற்ற மருத்துவர். விக்டோரியச் சட்டமன்றத்திலும் அமர்ந்தவர். கணவர் ஜேம்ஸ் டயர் தரைவிரிப்பு வணிகத்தில் பொருளீட்டியவர். இக்குடும்பச் செல்வத்தை எடுத்துக்கொண்டு பாரிசுக்குப் போன லூயிஸ், 1932இல் அங்கே ஒரு பதிப்பகம் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ஆஸ்திரேலியக் காட்டுப் பறவையின் பெயர். பிரெஞ்சு மொழியில் ‘லுவாசோ-லீர்’, யாழ்ப்பறவை. வாலை விரித்தால் யாழின் வடிவம் காட்டும் அப்பறவை, தான் கேட்ட ஒலியை எல்லாம் அப்படியே திருப்பி ஒலிக்க வல்லது. பழைய இசையை அச்சில் திருப்பி ஒலிக்க முனைந்த பதிப்பகத்துக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடைப்பது அரிது.

அவர் முதலில் வெளியிட்டது பிரெஞ்சு இசைமேதை கூப்பரினின் முழுப் படைப்புகள், பன்னிரண்டு தொகுதிகள். அதன்பின் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாடல்கள் அடங்கிய மோன்பெலியே ஏட்டை இவோன் ரொக்சேத் என்னும் அறிஞரைக்கொண்டு பதிப்பித்தார். 1956இல் தொடங்கிய பதினான்காம் நூற்றாண்டுப் பலகுரல் இசை வரிசை, அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து இருபத்து நான்கு தொகுதிகளாக நிறைவெய்தியது. 1962இல் மொனாக்கோவில் காலமானபோது தம் ஆஸ்திரேலியச் சொத்தை இசை ஆய்வுக்கென மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். அப்பல்கலைக்கழகத்தின் இசை நூலகத்துக்கு அவர் பெயர் சூட்டினார்கள்; யாழ்ப்பறவையின் பெயரிலேயே அங்கு ஓர் இசைப் பதிப்பகமும் இயங்குகிறது.

அம்மையாரின் கதையைப் படிக்கும்போது தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் நம் கண்முன் வந்து நிற்கிறார். அவரும் மருந்தால் பொருளீட்டியவர். ஈட்டிய பொருளை இசைக்கே இறைத்தவர். இசை நூல் வெளியிட அச்சகம் தேடி அலையாமல் தாமே மின்விசை அச்சகம் நிறுவி, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை உலகுக்கு அளித்தார். மெல்பர்ன் மருத்துவரின் மகளும் தஞ்சை மருத்துவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களல்லர். இசை நிலைக்க வேண்டுமானால் பாடகர் மட்டும் போதாது, அச்சுக்கோப்பவரும் வேண்டும் என்ற உண்மையை இருவரும் தத்தம் ஊரில் தனித்தனியே கண்டறிந்தார்கள். அம்மையாருக்குப் பின் ஒரு பல்கலைக்கழகம் நின்றது. பண்டிதருக்குப் பின் யார் நின்றார்கள் என்ற கேள்வியை இங்கே விரிக்க விரும்பவில்லை. விரித்தால் இத்தலையங்கம் இரங்கற்பாவாக முடியும்.

அதே மெல்பர்னில், லா டிரோப் பல்கலைக்கழகத்தில், 1980களில் ஜான் ஸ்டின்சன் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் பதினான்காம் நூற்றாண்டு இசையைக் கணினியில் ஏற்றும் பணியில் இறங்கினர். அதற்கென அவர்கள் ஆக்கிய மென்பொருளின் பெயர் ‘ஸ்கிரைப்’. ஏடெழுதுவோன் என்று பொருள். அவர்கள் செய்ததன் சிறப்பு, படத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்ததில் இருக்கிறது. சதுரக் குறி சதுரக் குறியாகவே கணினிக்குள் சென்றது. பிணைந்த கொத்து கொத்தாகவே சென்றது. ஏட்டில் உள்ள உருவிலேயே அச்சிடலாம். இக்கால முறைக்கு மாற்றியும் அச்சிடலாம். இன்ன சுர வரிசை எந்தெந்த ஏட்டில் வருகிறது என்று தேடவும் செய்யலாம். புவாசி ஏடும் அவர்கள் ஆராய்ச்சிக்குள் வந்தது. ஐரோப்பாவின் பழம்பாடல்களைத் தேடும் அறிஞர்கள் உலகின் தென்கோடியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தரவுத்தளத்தை நாடினர் என்பது எண்ணத்தக்கது.

எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. லா டிரோப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை 1999இல் மூடப்பட்டது. அறிவுலகம் போற்றும் பணியும் கணக்கரின் பேனா ஒன்றில் நின்றுபோகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. தனியார் மென்பொருள் நிறுவனத்தின் நிழலும் நிலையானதன்று. சிபேலியசை ஆக்கிய இலண்டன் குழுவை அதன் உரிமையாளர் 2012இல் கலைத்தார். பினாலே மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதில் இசையெழுதிச் சேர்த்தவர்கள், தம் உழைப்பு நாளைக்குத் திறக்குமா என்று பூட்டின் முன் நின்றார்கள்.

இந்தத் துன்பம் ஈழத்திலிருந்து பெயர்ந்த நம்மவருக்குப் புதிதன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கவிதைகளும் மலர்களும் கோயில் வரலாறுகளும் இன்று எத்தனை பழைய வட்டுகளில் குறியீட்டுக் குப்பையாகக் கிடக்கின்றன! எழுத்துருவை எடுத்துவிட்டால் அவை தமிழல்ல, ஆங்கில எழுத்துகளின் குழப்பம். தமிழ் எழுத்தின் உருவை மட்டும் காட்டிப் பொருளைக் கணினிக்குச் சொல்லாமல் விட்டதன் விளைவு அது. ஒருங்குறி வந்து அந்நோயைத் தீர்த்தது. சுரத்தாளுக்கு அம்மருந்து இன்னும் எட்டவில்லை.

ஒருங்குறியில் இசைக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2001இலேயே ஐரோப்பிய இசைக்குறிகளுக்கு அதில் ஒரு தொகுதி கிடைத்தது. கிரெகோரியப் பாடல்களின் சதுரக் குறிகளும் அளவைக்குறிகளும் அதனுள் அடக்கம். பைசாந்தியத் திருச்சபையின் குறிகளுக்குத் தனித் தொகுதி. பண்டைக் கிரேக்க இசைக்குறிகளுக்கு 2005இல் தனித் தொகுதி. ருசிய வைதிகத் திருச்சபையின் சினாமென்னிக் குறிகளுக்கு 2021இல் தனித் தொகுதி. தமிழுக்கும் 2019இல் ஒரு துணைத் தொகுதி வாய்த்தது. முந்திரி, காணி போன்ற பின்ன எண்களும் பழைய அளவைக் குறிகளும் அதில் இடம்பெற்றன. நெல் அளந்த குறிக்கு இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் குறிகளுக்கென்று அங்கு ஒரு தொகுதி இல்லை. இதற்கு ஒருங்குறி அவையைக் குறை கூறுதல் அறமாகாது. கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்தார்கள். கேட்பதற்குச் சான்று திரட்டி, படிவம் நிரப்பி, ஆண்டுக்கணக்கில் வாதாட அவ்வச் சமூகத்தில் ஆள் இருந்தது.

நம்மிடம் கேட்பதற்குரிய சான்று இல்லாமலா போயிற்று? ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் தமிழ்க் கிறித்தவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணிபுரிந்தவர். நம் இசையை ஐரோப்பியக் கோட்டுக்குறியில் எழுதி 1893இல் வெளியிடத் தொடங்கினார். உழைப்பு மிகுந்து கண்பார்வை மங்கும் அளவுக்கு அதில் தோய்ந்தவர். முத்துசுவாமி தீட்சிதர் மரபின் செல்வத்தைத் தன்னுள் வைத்திருந்த சுப்பராம தீட்சிதரை எழுதவைக்க வேண்டும் என்று எட்டயபுரம் அரசரிடம் சென்று வேண்டியவரும் அவரே. அவ்வேண்டுகோளின் பயனாக 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. இசையறிந்தோர் அந்நூலைப் பெருங்கருவூலம் என்பர். அச்சறிந்தோர் கண்ணுக்கு அது வேறொரு வகையிலும் கருவூலம்.

கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஸ்புரிதத்துக்கு முக்கோணமாக அமைந்த முப்புள்ளி, ஏற்ற ஜாருவுக்கு ஏறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வகுத்து, அக்குறியைச் சுரத்தின் தலைமேல் அமர்த்தி, அதற்குமேல் காலத்தைக் காட்டும் கோட்டையும் இழுத்து, கீழே பாடலின் சொல்லை நிறுத்தினார்கள். ஒரே சுரத்தின் மேலும் கீழுமாக நான்கு தளங்கள்! இதனை மின்விளக்கு எட்டாத ஒரு சமீன் ஊரில், ஈயத்துண்டுகளைக் கையால் பொறுக்கி அடுக்கிச் செய்தார்கள். வெனிசு நகரத்தில் 1501இல் பெத்ரூச்சி இசைத்தாள் அச்சிட்டபோது கோடு, குறி, சொல் ஆகியவற்றுக்காக ஒரே தாளைப் பலமுறை அச்சில் ஏற்றினார் என்று ஐரோப்பியர் பெருமையோடு எழுதுவர். எட்டயபுரத்தின் அச்சுக்கோப்பாளர்களைப் பற்றி நாம் ஒரு பக்கமேனும் எழுதியிருக்கிறோமா? அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது.

சென்னை மியூசிக் அகாதெமி அந்நூலைத் தமிழ் எழுத்தில் 1961 முதல் ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. பெரும்பணி, ஐயமில்லை. கணினிக்காலத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயகா’ என்னும் மென்பொருள், தட்டச்சிட்ட சுரக்குறிப்பைக் கமகத்தோடு இசைத்துக் காட்டும் திறம் பெற்றது. தனியொருவர் தம் ஆர்வத்தால் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், ஒரு சமூகம் சேர்ந்து எவ்வளவு செய்யலாம் என்று நாம் கேட்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது கற்றவர் வாயிலிருந்தே எழும் என்பதால் அதற்கு மதிப்பளித்தே விடை கூற வேண்டும். நம் இசை ஆசிரியன் வாய் கேட்டுப் பயில்வது, ஏட்டில் அடங்காதது, தோடியின் காந்தாரத்தை எந்தக் குறி காட்டும் என்பர். உண்மைதான். தோடியின் காந்தாரத்தை எந்தக் குறியும் காட்டாது. ஆனால் ஐரோப்பியரின் பழைய குறிகளும் அத்தகையனவே. பத்தாம் நூற்றாண்டில் செயின்ட் கால் என்னும் மடத்துத் துறவிகள் எழுதிய குறிகளில் கோடே இல்லை. குரல் ஏறுகிறது, இறங்குகிறது, நடுங்குகிறது என்று மட்டும் அவை சொல்லும். பாட்டை முன்பே அறிந்தவருக்கு நினைவூட்டும் கைச்சாடை போன்றவை அவை. முழு இசையையும் அவை தாங்கவில்லை என்பதற்காக அவற்றை யாரும் எறிந்துவிடவில்லை. தாங்கும் அளவையாவது சிதையாமல் காத்தார்கள். ‘கிரெகோரியோ’ என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று சதுரக் குறிகளைத் தோலேட்டின் எழிலோடு அச்சிடுகிறது. 1996இல் நெதர்லாந்தில் இரு இளைஞர் தொடங்கிய ‘லிலிபாண்ட்’ அளவைக்குறியையும் எழுதும். பழைய குறிகளின் பொருளை எந்த நிறுவனத்தின் பூட்டுமின்றிப் பதிந்து வைக்க, இசைக் குறியாக்க முனைப்பு என்ற பெயரில் அறிஞர் கூட்டமைப்பு ஒன்று பொது விதிகள் வகுத்திருக்கிறது.

குறியின் பொருளை எழுதிவைக்காமல் குறியை மட்டும் விட்டுச்செல்வதன் விளைவை அறியப் புதுக்கோட்டைக்குப் போனால் போதும். குடுமியான்மலைப் பாறையில் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில் வெட்டிய இசைக் கல்வெட்டு, ஏழு பகுதிகளாக, கிரந்த எழுத்தில், சுர வரிசைகளைத் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்னும் நால்வகை உயிரேறி வருகிறது. எழுத்து ஒன்றுகூடத் தேயாமல் படிக்கக் கிடைக்கும் இடங்களும் உண்டு. அவ்வுயிர்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை. கல் காத்தது எழுத்தை, இசை போய்விட்டது. ஆசிரியன் வாய்மொழியும் ஏடும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் திரும்புவோம். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலிலும் கேரம் டவுன்சு சிவா விஷ்ணு கோயிலிலும் தேவாரம் ஒலிக்கிறது. வார இறுதியில் வீட்டுக் கூடங்களில் சரளி வரிசை ஒலிக்கிறது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிக்க ஓராண்டு முன்பே பதிய வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாக எழுதும் உரிமையை இரு மாநிலங்களிலும் நம் மக்கள் போராடிப் பெற்றிருக்கிறார்கள். இம்மக்களுள் கணினித் தொழிலில் இருப்போர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலும் இருபுறமும் திரும்பிப் பார்த்தால் தெரியும். பகலில் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நிரல் எழுதும் அந்தக் கைகளே, மாலையில் தம் பிள்ளையின் மங்கிய சுரத்தாளைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புகின்றன. ஓர் அரங்கேற்ற விருந்துக்குச் செலவிடும் பொருளில் பத்தில் ஒன்று, இத்தகைய பணிக்கு ஓராண்டு ஊதியத்தின் முதல் தவணையாகும். இதை இடித்துரைப்பதில் எமக்கு இன்பமில்லை.

தொண்டால் இது ஆகாது என்றும் யாரும் எண்ண வேண்டா. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த ஒரு தமிழர் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், உலகெங்கும் சிதறிய தன்னார்வலர் கைகளால் நம் இலக்கியத்தை எண்மமாக்கியது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் அதையே செய்துவருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்ததை அறிந்த தலைமுறை, ஒரே ஒரு படியாக இருக்கும் எதையும் நம்பக் கூடாது என்ற பாடத்தை விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. பாட்டு நூலுக்குச் செய்ததைச் சுரத்தாளுக்கும் செய்வதே எஞ்சியிருக்கும் வேலை.

ஆகவே எம் வேண்டுகோள் இது. இரு நகரங்களின் இசையாசிரியர்களும் கணினி வல்லுநர்களும் ஒரே மேசையில் அமர வேண்டும். தனித்தனியே அமர்ந்தால் ஒருவர் அழகான படம் வரைவார், மற்றவர் யாருக்கும் பயன்படாத நிரல் எழுதுவார். தொடங்குவதற்குப் பெருநூல் முழுவதையும் எடுக்க வேண்டா. பிரதர்சினியிலிருந்து ஒரு கீர்த்தனை போதும். அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் தானம் எது, காலம் எது, கமகம் எது என்பதைக் கணினி அறியும்படி, எவரும் திறந்து படிக்கக்கூடிய பொது வடிவில் எழுதுங்கள். அச்சுருவம் அதிலிருந்து பிறக்கட்டும். தமிழில் மேல்ஸ்தாயிப் புள்ளி மெய்ப்புள்ளியோடு மோதாமல் நிற்க ஒரு வழி வகுத்து, அதை ஒருங்குறி அவையின் முன் முறையாக வையுங்கள். ஆக்கிய கோப்பின் ஒரு படியை மெல்பர்னில் ஒரு நூலகத்திலும், ஒரு படியை சிட்னியிலும், ஒரு படியைச் சென்னையிலும், ஒரு படியை யாழ்ப்பாணத்திலும் வையுங்கள். ஒரு துறை மூடப்பட்டாலும் ஒரு நிறுவனம் கைவிட்டாலும் மற்ற மூன்றும் இருக்கும்.

சுப்பராம தீட்சிதர் 1906இல் மறைந்தார். அவர் 1904இல் அச்சிட்ட அந்நூலின் காப்புரிமைக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. அதைக் கையில் எடுக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.